இருபத்து மூன்று வருடம் கழித்து வேக வண்டியில் ஏறுவது எப்படி

என் அக்கா மகன் ஆயிரம் சிசி பைக் ஒன்றை வாங்கினான். சாவியை என் கையில் வைத்து, "மாமா, ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, அப்புறம் சொல்லுங்க" என்றான். அவன் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து நான் அளந்துவிட்ட கதைகள் அப்படி. கிளட்சை விட்டேன், எஞ்சின் ஆஃப் ஆனது. மறுபடி விட்டேன், மறுபடியும் ஆஃப். மூன்றாவது தடவை கிளம்பிவிட்டது. முதல் கியரிலேயே நூறைத் தாண்டக்கூடிய வண்டி அது. இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்து சைடு ஸ்டாண்டைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டிருந்தேன். "எப்படி இருந்துச்சு மாமா?" என்று கேட்டான். "நல்லா இருக்குடா, கொஞ்சம் வெயிட்டு ஜாஸ்தி" என்றேன். முழங்கால் நடுங்கியதை அவன் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். இருபதுகளில் வேகமாக ஓட்டி, வேலை, குடும்பம் என்று வந்ததும் வண்டியை விற்றுவிட்டு, இப்போது மறுபடி ஆசை வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல்முறையாக வண்டி பழகுகிறவர்களுக்கு வேறு வழிகாட்டிகள் இருக்கின்றன. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். நமக்குத்தான் சிக்கல். நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஞாபகத்தைத் தணிக்கை செய்யுங்கள்

வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, நீங்கள் வேகமாகப் போன தருணங்களை எழுதுங்கள். எந்த வண்டி, எவ்வளவு வேகம், எங்கே பிரேக் போட்டீர்கள். இந்த மூன்றும் வேண்டும்.

நான் எழுதியதைச் சொல்கிறேன். யமஹா ஆர்டி 350. என் கைக்கு வந்தபோதே அதற்குப் பதினைந்து வயது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். எஞ்சின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்குக் கீழே இருந்தால் சாது. அதைத் தாண்டினால் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் பாயும். அந்தப் பாய்ச்சல், சைலன்சரிலிருந்து வரும் நீலப் புகை, முன் சக்கரம் லேசாகும் அந்த அரை நொடி, எல்லாம் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. வேகம் 165 என்று எழுதினேன். முள் அங்கே நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

இப்போது கணக்கு. ஸ்பீடோமீட்டருக்கான ஐ.நா. விதிமுறை எண் 39 சொல்வது இதுதான்: மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, ஆனால் பத்து சதவீதமும் அதற்கு மேல் மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை கூடுதலாகக் காட்டலாம். அதாவது மீட்டர் 165 என்றால் உண்மை வேகம் 146 ஆகக்கூட இருக்கலாம். அதுவும் விதிக்குக் கட்டுப்பட்ட, சரியாக வேலை செய்யும் மீட்டரில். பதினைந்து வருடம் பழசான கேபிள் மீட்டரைப் பற்றி நான் என்ன சொல்ல? இருபது வருடமாக நான் சொல்லிவந்த 165-ஐப் பென்சிலால் அடித்து 145 என்று மாற்றி எழுதினேன். வலித்தது.

ஆனால் என்னை உட்கார வைத்தது மூன்றாவது கேள்விதான். எங்கே பிரேக் போட்டேன்? பதினோரு ஞாபகங்களை எழுதியிருந்தேன். ஒன்றில்கூட பிரேக் இல்லை. எல்லாமே முறுக்கிய கணங்கள், நேர்ச்சாலைகள், காற்று. 145-இல் போனவன் எப்படியோ நின்றிருக்கத்தானே வேண்டும்? அந்தப் பாதியை மூளை வைத்துக்கொள்ளவே இல்லை. அந்தக் காலத்தில் என் பின்னால் உட்கார்ந்து வந்த தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவனுக்கு வேறு ஒன்றும் ஞாபகம் இல்லை, பிரேக் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. "ஒரு தடவை லாரி பின்னாடி உன் முதுகுல என் மூக்கு இடிச்சு ரத்தம் வந்துச்சேண்ணா, மறந்துட்டியா?" என்றான். மறந்துவிட்டேன். சுத்தமாக.

ஆகவே தணிக்கையின்போது பின்னால் உட்கார்ந்தவர் யாராவது கிடைத்தால் அவரிடமும் கேளுங்கள். அவர்களுடைய ஞாபகம் உங்களுடையதைவிட நேர்மையானது.

உடம்பு

கழுத்து, மணிக்கட்டு, கண். இந்த வரிசையில் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். தலைகீழ். முதலில் போனது கண். நாற்பத்தைந்தைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் ஹெல்மெட்டுக்குள் வாசிப்புக் கண்ணாடி போட்டு ஓட்ட முடியாது என்பது மீட்டரைக் குனிந்து பார்க்கும்போதுதான் உறைக்கிறது. சாலை தெளிவாக இருக்கிறது, எண்கள் எல்லாம் பஞ்சுப்பொதி. கண் மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னால் வழி சொல்வார். நான் சொல்லாமல் மூன்று மாதம் ஓட்டினேன். நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம்.

இரவில் இன்னொரு இறக்கம். எதிரே விளக்கு அடித்துப் போனபின் கண் பழைய நிலைக்குத் திரும்ப வயதாக ஆக அதிக நேரம் எடுக்கும். முதல் ஆறு மாதம் பகலில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு வலித்தால் அது பெரும்பாலும் பலவீனம் இல்லை, தப்பான பிடி. ஹேண்டில்பார் சாய்ந்துகொள்ளும் கம்பி அல்ல. முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடியுங்கள், வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்குங்கள், கைகள் தளர்வாக இருக்கட்டும். சோதிப்பது எளிது: ஓடும்போது முழங்கையை மேலும் கீழும் கோழி இறக்கை அடிப்பதுபோல் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பரணில் பழைய ஹெல்மெட் இருக்கும். என்னுடையதும் இருந்தது, சிவப்பில் வெள்ளைக் கோடு, பார்த்ததும் தொண்டை அடைத்தது. உள்ளே விரலை வைத்தேன், ஸ்பாஞ்ச் மாவாக உதிர்ந்தது. அதை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். தலைக்குப் புதிதாக வாங்குங்கள். போட்டுக்கொண்டு ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் கன்னம் அதோடு சேர்ந்து அசையவேண்டும். கடையில் பத்து நிமிடம் போட்டுக்கொண்டே நில்லுங்கள். நெற்றியில் ஒரு புள்ளியில் வலி ஆரம்பித்தால் அந்த அளவு அல்லது அந்த வடிவம் உங்களுக்கு ஆகாது. காதில் வைக்க ஸ்பாஞ்ச் அடைப்பானும் வாங்குங்கள். வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் வரும் காற்றிரைச்சல் காதைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கும். அந்த இரைச்சலை வேகத்தின் சங்கீதம் என்று இருபதில் நினைத்தேன். இப்போது வலது காதில் எப்போதும் ஒரு மெல்லிய விசில்.

வண்டி

சும்மா நின்ற வண்டியை எடுக்கிறீர்கள் என்றால் மூன்றைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. டயரின் மேல் பொத்தான் எல்லாம் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். தேயாத பழைய டயர்தான் தேய்ந்த புது டயரைவிட அதிகம் ஏமாற்றும். அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடுகிறது. சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் லிவர் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மூன்றாவது செயின். தளர்வு எவ்வளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், அளந்து பாருங்கள். மற்றதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

புது வண்டி வாங்குகிறீர்களா? ஆர்டி 350 சுமார் 39 குதிரைத்திறன். இன்றைய ஆயிரம் சிசி ஸ்போர்ட்ஸ் பைக்குகள் 200-ஐத் தொடுகின்றன. உங்கள் ஞாபகத்தில் இருக்கும் 'வேக வண்டி' இன்று நடுத்தர வண்டி. அதை வாங்கினால் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அக்கா மகனைக் கேட்டால் இருக்கிறது என்பான், கேட்காதீர்கள்.

முதல் மாதம் முழுக்க பிரேக் மட்டும்

இதில்தான் பிடிவாதமாக இருப்பேன். காலியான, அகலமான, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் ஒன்றை அனுமதி கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஓட்டுநர் பயிற்சித் திடல் கிடைத்தால் உத்தமம். அங்கே வேகமாகப் போகப் பழகவேண்டாம், நிற்கப் பழகுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறீர்கள். ஆபத்தைப் பார்த்து, புரிந்து, விரல் லிவரை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். பிரேக் பிடிப்பதற்குள்ளேயே 28 மீட்டர் போயாயிற்று. அதற்குப் பிறகு நல்ல காய்ந்த சாலையில் நிற்க இன்னும் ஐம்பது மீட்டர் சுமார். சரி, 200-இல் எவ்வளவு? இரண்டு மடங்கு என்று மனது சொல்லும். வேகம் இரட்டித்தால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு, நிற்கும் தூரமும் நான்கு மடங்கு: இருநூறு மீட்டர், யோசிக்கும் நொடிக்கு 56 மீட்டர் தனி. இரண்டரை கால்பந்து மைதானத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். இருபதில் எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஓட்டியிருக்கமாட்டேன் என்று பொய் சொல்லவில்லை, ஓட்டியிருப்பேன்.

பயிற்சி: 40-இல் ஆரம்பியுங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று கவ்வாதீர்கள். முதலில் லிவரைத் தொட்டு, முன் ஃபோர்க் அமுங்கி எடை முன் சக்கரத்துக்கு வருவதை உணருங்கள். எடை வந்தபின்தான் டயர் சாலையைக் கடிக்கும். அப்போது அழுத்தத்தைக் கூட்டுங்கள். எலுமிச்சம்பழம் பிழிவதுபோல். கடைசி இரண்டு மீட்டரில் மெல்லத் தளர்த்துங்கள். பின் பிரேக் கூடவே லேசாக. இருபது தடவை செய்து நின்ற இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். 60, பிறகு 80. கல் உங்களிடம் பொய் பேசாது.

நம் தலைமுறைக்கென்றே ஒரு தனிப் பொறி இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் 1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தானே பார்த்துக்கொள்ளும் அமைப்பு, வந்தது. பைக்கில் 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 கொண்டுவந்தது. இப்போது எங்கு பார்த்தாலும் ஏபிஎஸ். அது இருக்கும் வண்டியில் விட்டு விட்டு மிதித்தால் நிற்கும் தூரத்தை நீங்களே நீட்டிக்கிறீர்கள். காரில் முழுப் பலத்தோடு மிதித்து, காலை எடுக்காமல், வண்டியைத் திருப்பவேண்டிய பக்கம் திருப்புங்கள். மிதிகட்டை காலுக்கடியில் தடதடவென்று உதறும். முதல் தடவை ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக் காலை எடுத்தேன். அதற்காகத்தான் ஒரு தடவையாவது காலியான இடத்தில் அதை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்துவிட வேண்டும்.

வளைவு

பார்க்கும் இடத்துக்குத்தான் போவீர்கள். இது தத்துவம் இல்லை. ஆர்டியில் ஒரு இடது வளைவில் வெளிப்பக்கம் ஒரு கிலோமீட்டர் கல் நின்றது. அதில் மோதக்கூடாது, மோதக்கூடாது என்று அதையே பார்த்தேன். நேராக அதன்மேல் போய் ஏறினேன். காலர் எலும்பு இன்றும் குளிரில் தன் இருப்பைச் சொல்லும். சுற்றிலும் எத்தனையோ அடி அகலத்துக்கு வெறும் புல். கல்லை விட்டுவிட்டு வளைவின் வெளிவாயிலைப் பார்த்திருந்தால் வண்டி அங்கே போயிருக்கும். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, தாடையைத் திருப்புங்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாமலே கை செய்துகொண்டிருக்கும் வேலை. வேகத்தில் வலது பக்கம் சாயவேண்டுமென்றால் வலது கைப்பிடியை முன்னால் தள்ளவேண்டும். சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் திரும்பும், வண்டி வலப்பக்கம் விழும், வளைவு ஆரம்பிக்கும். சைக்கிள் கடை வைத்திருந்த, விமானம் செய்த வில்பர் ரைட் இதைக் கவனித்து, சைக்கிள் ஓட்டுபவர்களிடம் கேட்டுப் பார்த்து, அவர்களுக்கே இது தெரியவில்லை என்று கண்டார். எனக்கு ஐம்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. வளைவு எதிர்பார்த்ததைவிட இறுகும்போது கை தானாக உறைந்துவிடும். அப்போது தெரிந்தே தள்ளத் தெரிந்தவன் வளைந்து போகிறான்.

வேகத்தை வளைவுக்கு முன்பே இறக்குங்கள். உள்விளிம்பை அவசரப்பட்டுத் தொடாமல் தாமதமாகத் தொடுங்கள், அப்போதுதான் வெளியே வரும்போது இடம் மிச்சமிருக்கும். டயருக்கு இருக்கும் பிடி ஒரு சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு முழுவதும் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் இருக்காது.

காருக்கு

பைக்கில் சொன்னதில் பெரும்பாலானது காருக்கும் பொருந்தும். எடை விஷயம் மட்டும் காரில் வேறு மாதிரி கடிக்கும். ஒரு நண்பன் எஞ்சின் பின்னால் இருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை எனக்கு ஓட்டக் கொடுத்தான். நீளமான வலது வளைவு, எனக்கு வேகம் அதிகமாகிவிட்டதாகத் தோன்றியது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். எடை முன்னால் பாய்ந்தது, பின் டயர்கள் லேசாயின, வண்டியின் வால் என்னை முந்தப் பார்த்தது. அரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றோம். நண்பன் மெதுவாக, "காலை எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையாடா?" என்றான். சொல்லியிருந்தான். வளைவின் நடுவில் பயம் வந்தால் காலை ஒரே அடியாகத் தூக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். இன்றைய கார்களில் சறுக்கலைத் தானே அடக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு நிறைய மன்னிக்கும். அதை அணைக்கும் பொத்தானுக்கு இப்போதைக்கு வேலை இல்லை.

உட்காரும் விதமும் மாறவேண்டும். இருக்கையில் முதுகு முழுக்கப் படிந்த நிலையில் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு ஓட்டுவது படம் எடுக்க நன்றாக இருக்கும்.

எங்கே

பொதுச்சாலையில் வேண்டாம். நான் போனேனே என்கிறீர்களா? என் காலர் எலும்பையும் தம்பியின் மூக்கையும் மேலே சொல்லிவிட்டேன். பணம் கட்டி ஓட்டவிடும் மூடிய பந்தயத் தடங்கள் இருக்கின்றன. எதிரே வண்டி வராது, ஆம்புலன்ஸ் நிற்கும், தப்பு செய்தால் ஓடி நிற்க இடம் இருக்கும். ஜெர்மனியில் 1927-இல் திறந்த நியூர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டர் வடக்கு வளையத்தில்கூட பொதுமக்கள் கட்டணம் கொடுத்துச் சொந்தக் கார் ஓட்டலாம். ஆனால் அங்கே அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டம் அப்படியே பொருந்தும், முந்துவது இடப்பக்கம் மட்டும். ஆசை வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடம் அதுவாக வேண்டாம்.

பதிவு செய்யும்போது எந்தக் குழு என்று கேட்பார்கள். ஆரம்பநிலை என்று எழுதுங்கள். என் பேனா நடுநிலை என்ற கட்டத்துக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது, ஒப்புக்கொள்கிறேன். கொடிகளை மனப்பாடம் செய்யுங்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது, நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, வேகத்தைக் குறைத்துத் திரும்புங்கள். முதல் மூன்று சுற்றுக்குக் கொடிக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது மட்டுமே வேலை. டயர் சூடாவதற்கும் அதுதான் நேரம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு தண்ணீர் குடியுங்கள். மாலையில் கடைசி ஓட்டத்தை விட்டுவிடுங்கள். கை சோர்ந்திருக்கும், மனது மட்டும் "இன்னொன்னு" என்னும். என் கண்முன்னால் விழுந்த இருவருமே அந்த ஓட்டத்தில்தான் விழுந்தார்கள்.

அன்று இரவே எழுதுங்கள்

தூங்குவதற்கு முன். தூங்கி எழுந்தால் மூளை தன் வேலையைக் காட்டிவிடும், நேர்ச்சாலைகள் மட்டும் மிஞ்சும். போன மாதம் அக்கா மகனோடு தடத்துக்குப் போய்வந்தேன், அவன் ஆயிரம் சிசியில், நான் ஒரு நடுத்தர இரட்டை சிலிண்டரில். திரும்பும் வழியில், "மெயின் ஸ்ட்ரைட்ல எவ்வளவு தொட்டீங்க மாமா?" என்று கேட்டான். பார்க்கவில்லை என்றேன். கண்ணாடி இல்லாமல் தெரிந்திருக்காது என்பதையும் சொன்னேன். அறைக்கு வந்து நோட்டில் எழுதியது இது:

முதல் வளைவு: 150 பலகை (வளைவுக்கு இன்னும் 150 மீட்டர்) தாண்டி பிரேக். சீக்கிரம் போட்டுவிட்டேன், பாதி இடம் வீண். மூன்றாவது: 100 பலகை. ஃபோர்க் அமுங்கியதும் வண்டி தானாகவே உள்ளே போனது, அழகு. ஐந்து: பயந்து நடுவில் தொட்டேன், பின் சக்கரம் லேசாக நெளிந்தது. ஏழு: பலகை இல்லை, தார்ச்சாலையில் ஒரு கறுப்பு ஒட்டு இருக்கிறது, அதன்மேல் ஏறும்போது. அடுத்த தடவை ஒரு வண்டி நீளம் தள்ளிப் பார்க்கலாம்.